மேசைக் கணினிக்கு மலிவு விலைக் கூலர்: கோலாலம்பூர் வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் எங்கள் வீட்டு உணவு மேசையில் சனி ஞாயிறுகளில் தட்டு வைக்க இடம் இருப்பதில்லை. அக்கா மகன், அவனுடைய கூட்டாளிகள், எதிர்வீட்டுப் பையன் என்று யாராவது ஒருவர் கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். பல ஆண்டுகளாக இது நடக்கிறது. காசு வாங்குவதில்லை, முறுக்கு கொண்டுவந்தால் மறுப்பதில்லை. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டெழுதிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஏர் கூலர் என்றால் தண்ணீர் ஊற்றி அறையில் வைப்பார்களே, அதுவா?

இல்லை. அக்காவும் அப்படித்தான் நினைத்து, பேரங்காடியில் சக்கரம் வைத்த ஒன்றுக்கு விலை கேட்டுவிட்டு வந்தார். இங்கே பேசுவது கணினியின் மூளையான பிராசசரின் தலைமேல் உட்காரும் பொருளைப் பற்றி. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம், அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும் செம்புக் குழாய்கள், பக்கத்தில் ஒரு காற்றாடி. அவ்வளவுதான்.

கேட்டதற்காகச் சொல்கிறேன்: தண்ணீர் ஊற்றும் அறைக் கூலர் வறண்ட ஊர்களுக்கானது. நம் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. அறை குளிர்வதைவிடப் புழுங்குவதுதான் மிச்சம். கணினி பக்கத்தில் அது வேண்டாம்.

பிராசசரோடு இலவசமாக வந்த கூலர் போதாதா?

பலருக்குப் போதும். இதைச் சொன்னால் புதிதாக வாங்கும் ஆசையோடு வந்தவர்கள் முகம் வாடிவிடுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600, ரைசன் 5 7600 ஆகியவற்றோடு ரெய்த் ஸ்டெல்த் என்ற சிறிய கூலர் வரும். இன்டெல் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் பெட்டிகளில் லாமினார் ஆர்எம்1 இருக்கும். பள்ளிப் பாடம், அலுவலகக் கணக்கு, யூடியூப் என்ற அளவில் பயன்படுத்தினால் இவை தாராளமாகத் தாங்கும். விளையாட்டுக்குக்கூட வண்டி ஓடும். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். சிறிய காற்றாடி வேகமாகச் சுழன்றுதான் வெப்பத்தைத் தள்ள முடியும் என்பதால், தனிக் கூலர் வாங்குவதற்கு முதல் காரணம் காது. வெப்பம் இரண்டாவது காரணம்தான்.

இரண்டு விதிவிலக்குகள். இன்டெலில் "கே" என்று முடிபவற்றுக்கும், ஏஎம்டியில் 7600எக்ஸ், 7700எக்ஸ், 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கும் கூலர் தருவதில்லை. இணையத்தில் "ட்ரே" என்று போட்டு 40, 50 வெள்ளி (ரிங்கிட்) குறைத்து விற்கிறார்களே, அதிலும் பெட்டியும் இருக்காது, கூலரும் இருக்காது. குறைந்த 50 வெள்ளி கூலருக்கே போய்விடும்.

இன்டெலின் இலவசக் கூலர் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அது நான்கு பிளாஸ்டிக் குத்துமுளைகளால் மதர்போர்டில், அதாவது பிராசசர் உட்காரும் பெரிய பலகையில், பொருந்துவது. மூன்று உட்கார்ந்து ஒன்று உட்காராமல் இருப்பதை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "மாமா, 95 டிகிரி காட்டுகிறது, புதுக் கூலர் வாங்கலாமா?" என்று வந்தவன், நான்காவது முளையை அழுத்தியதும் "டக்" என்ற ஒலியோடு வீடு திரும்பினான்.

வெளிநாட்டு விமர்சகர் 65 டிகிரி என்கிறார். அதே கூலர், அதே பிராசசர், எனக்கு 80 காட்டுகிறதே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இது புரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. பிராசசரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் விடுகிறது. ஆகவே அறைக் காற்றைவிடக் கீழே அது எதையும் இறக்க முடியாது. ஒரு கூலரின் திறமை என்பது "அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிறுத்தி வைக்கிறது" என்ற வித்தியாசம்தான். விமர்சகரின் அறை 21 டிகிரி, பிராசசர் 65 என்றால் வித்தியாசம் 44. மதியம் 2 மணிக்கு, அடுக்குமாடியின் மேல்தளத்தில், குளிர்சாதனம் போடாத உங்கள் அறை 33 டிகிரி. 33 உடன் 44 கூட்டினால் 77. கூலர் கெட்டுப்போகவில்லை, விற்றவர் ஏமாற்றவும் இல்லை. அது அங்கே செய்த அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது.

மீதி 3 டிகிரி எங்கிருந்து வந்தது? கணினிப் பெட்டிக்குள்ளிருந்து. கூலர் உறிஞ்சுவது அறைக் காற்றை அல்ல, பெட்டிக்குள் இருக்கும் காற்றை. அங்கே கிராபிக்ஸ் கார்டு ஒன்று அடுப்புபோல் எரிந்துகொண்டிருந்தால் அந்தக் காற்று அறையைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். சோதிப்பது எளிது: பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே விளையாட்டைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பம் ஓரிரு டிகிரிதான் இறங்கினால் பெட்டியில் குறை இல்லை. 7, 8 டிகிரி இறங்கினால் காசைக் கூலருக்குச் செலவழிக்காதீர்கள். முன்பக்கம் ஒரு காற்றாடி, பின்பக்கம் ஒன்று என்று பெட்டிக்கு மாட்டுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த அழகுப் பெட்டிகள் நம் ஊருக்கு ஆகவே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போன்றது அது.

"மேசைக் காற்றாடியைக் கணினிப் பக்கம் திருப்பினால்?" என்றும் கேட்கிறார்கள். காற்றாடி நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வையை உலர்த்துவதால். கணினிக்கு வியர்க்காது. அறைக் காற்று 33 என்றால் காற்றாடி அடிக்கும் காற்றும் 33தான். கணினி வெளியே தள்ளிய சூடான காற்று அதன் முதுகிலேயே தேங்கி நிற்காமல் கலைந்து போகும், அந்த அளவுக்கு உதவி. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியை ஒரு கை அகலம் முன்னே இழுத்தாலும் அதே பலன், மின்சாரச் செலவில்லாமல்.

எத்தனை டிகிரி வரை பயமில்லை?

ரைசன் 5 5600-க்கு உச்ச வரம்பு 90. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. 7800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி மாதிரிகளுக்கு 89. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைப் பிராசசர்களுக்கு 100. வரம்பைத் தொட்டால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். தீப்பிடிக்காது. அதிக மின்சாரம் குடிக்கும் ரைசன் 7000 மாதிரிகள் கடும் வேலையில் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

விளையாடும்போது 85-க்குள் இருந்தால் நான் அந்தக் கணினியைத் தொடுவதே இல்லை.

கூலர் பெட்டியில் "220 வாட்" என்று போட்டிருக்கிறது. என் பிராசசர் 65 வாட். அப்படியானால் மும்மடங்கு பலம்தானே?

இரண்டு எண்களுமே அப்படியே நம்பக்கூடியவை அல்ல.

முதலில் பிராசசர். "65 வாட்" என்பது இன்டெலில் அடிப்படை அளவு மட்டும். ஐ5-12400-க்கு இன்டெலே தரும் டர்போ (உச்ச வேக) அளவு 117 வாட். ஐ5-14600கே பெட்டியில் 125 என்று இருக்கும், உச்சத்தில் 181. ஐ9-14900கே 253. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்; ரைசன் 7000 இதில்தான் உட்காரும்) 65 வாட் என்பது நடைமுறையில் 88 வாட் வரை போகும், 105 என்பது 142 வரை, 170 என்பது 230 வரை. போதாதற்கு, சில மதர்போர்டுகள் இந்த வரம்பைக்கூடத் தாமாகவே தளர்த்திவிட்டு விற்பனைக்கு வருகின்றன.

அடுத்து கூலர். அந்த 220-ஐ எப்படி அளப்பது என்பதற்கு எல்லா நிறுவனமும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. எத்தனை டிகிரி அறையில், எந்தப் பிராசசரில், எவ்வளவு சூடு வரை விட்டு அளந்தார்கள் என்பது அவரவர் விருப்பம். கடைக்காரர் "கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்" என்று சொல்லும் மீனைப் போல எடுத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. வாட் ஒன்றாக இருந்தாலும் சூடு ஒன்றாக இருக்காது. ரைசனில் வேலை செய்யும் சில்லு மிகச் சிறியது. 88 வாட்டில் பெரும்பகுதி அந்தச் சிறு சதுரத்திலிருந்து கிளம்புகிறது. இன்டெலில் அதே வாட் கொஞ்சம் பெரிய பரப்பில் பரவி வருகிறது. ஆகவே ஒரே கூலருக்கு அடியில் ரைசன் கூடுதல் டிகிரி காட்டும். எவ்வளவு பெரிய கூலரைத் தூக்கி வைத்தாலும் அந்த முதல் நெரிசல் தீராது.

சரி, எதைத்தான் வாங்குவது?

ஐ3, "கே" இல்லாத ஐ5, ரைசன் 5 வைத்திருக்கிறீர்கள் என்றால் நான்கு வெப்பக் குழாய், 120 மி.மீ. காற்றாடி, ஒற்றைக் கோபுரம் (தகடுகள் ஒரே அடுக்காக நிற்பது). இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ, ஐடி-கூலிங் எஸ்இ-214-எக்ஸ்டி, டீப்கூல் ஏகே400 மூன்றும் இந்த இனம். நான் இதை எழுதும் நேரத்தில் 100 வெள்ளிக்குச் சற்று முன்னும் பின்னுமாகக் கிடைக்கின்றன. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். அன்றைக்கு எது மலிவோ அதை எடுங்கள்.

ஐ5 "கே", ரைசன் 7, 7800எக்ஸ்3டி என்றால் இரட்டைக் கோபுரம், ஆறு குழாய், இரண்டு காற்றாடி. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வந்ததிலிருந்து இந்த வகையின் விலையே இறங்கிவிட்டது. 150 வெள்ளி வட்டாரத்தில் கிடைக்கும்போது, இதைவிடப் பல மடங்கு விலையுள்ள நாக்டுவா என்ஹெச்-டி15-ஐ மலிவுக் கூலர் பட்டியலில் பேச இடமில்லை. நாக்டுவா நல்ல பொருள். ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் காசு அமைதிக்கும் நீண்ட உத்தரவாதத்துக்கும் போகிறதே தவிர டிகிரிக்கு அல்ல.

14900கே வைத்துக்கொண்டு மலிவுக் கூலர் தேடுபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது.

காசே செலவழிக்காமல் சூட்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, பயாசில் (கணினி தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தித் திறக்கும் அமைப்புத் திரை). ஏஎம்5 போர்டுகளில் ஈகோ மோட் என்ற ஒன்று இருக்கும். 7700எக்ஸ் போன்ற 105 வாட் பிராசசரை 65 வாட் நிலைக்கு மாற்றினால் அது 142-க்குப் பதில் 88 வாட்டோடு நின்றுகொள்ளும். விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். வீடியோ மாற்றும் வேலையில் சிறிது நேரம் கூடும். இன்டெலில் நீண்டநேர மின்வரம்பைக் கையாலேயே குறைத்து எழுதலாம். அக்கா மகனுக்கு 7700எக்ஸ். இரண்டு வாரம் ஈகோ மோடில் ஓட்டிவிட்டு, அதை மாற்றியதையே மறந்துவிட்டான்.

நான்கு குழாய், ஆறு குழாய் என்கிறீர்களே, குழாய்க்குள் என்ன இருக்கிறது?

கொஞ்சம் தண்ணீர். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். பிராசசர் பக்கம் ஆவியாகி, தகடுகள் இருக்கும் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி நீராகும். இட்லிப் பானையின் மூடியில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்குமே, அதே கதை. திரும்பி வருவதுதான் சாமர்த்தியம்: குழாயின் உட்சுவரில் பொடிப்பொடியான செம்பு ஒட்டியிருக்கும், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதுபோல் அது நீரைப் பிராசசர் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் கூலரைப் படுக்கவைத்தாலும் வேலை செய்கிறது.

ஆறு குழாய் நான்கைவிட நல்லதுதான், சூடு கூடுதலாக இருந்தால். 12400-க்கு ஆறு குழாய் போடுவது இரண்டு பேர் வீட்டுக்குப் பொங்கல் பானை வாங்குவது போல.

என் பெட்டிக்குள் நுழையுமா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலோர் வாங்கிய பிறகு கேட்கிறார்கள்.

பெட்டியின் விவரத்தாளில் "கூலர் உயரம்" என்று ஓர் எண் இருக்கும். அசாசின் எக்ஸ் 120 எஸ்இ 148 மி.மீ., எஸ்இ-214-எக்ஸ்டி 150, ஏகே400 155, பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155, கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஈவோ 159. நாக்டுவா என்ஹெச்-டி15-க்கு 165 வேண்டும். விவரத்தாள் தொலைந்துவிட்டால் அளவுகோலை எடுத்து, பிராசசரின் மேற்பரப்பிலிருந்து கதவின் உட்பக்கம் வரை அளந்து, அதில் 3 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள்.

என் மைத்துனர் அளக்கவில்லை. 150 மி.மீ. இடமுள்ள பெட்டிக்கு ஏகே400 வாங்கிவந்தார். எல்லாம் மாட்டி, கணினியும் ஓடி, கடைசியில் கண்ணாடிக் கதவை மூடும்போது குழாய்களின் நுனி கண்ணாடியில் முட்டியது. வெறும் 5 மி.மீ. கதவை வெளியே சற்றுத் தள்ளி வைத்து, சந்தையில் காய்கறி கட்டும் சிவப்பு ரஃபியா கயிற்றால் பெட்டியைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்று ஆண்டாகிறது, கயிறு இன்னும் இருக்கிறது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம்.

இரட்டைக் கோபுரம் வாங்குகிறவர்கள் ரேம் உயரத்தையும் பாருங்கள். முன்பக்கக் காற்றாடி ரேமுக்கு மேலேதான் நிற்கும். கொண்டை வைத்த விளக்கு ரேமாக இருந்தால் காற்றாடியை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும். அப்போது கூலரின் உயரமும் அந்த அளவுக்குக் கூடும்.

பழைய கூலர் புது போர்டுக்குப் பொருந்துமா?

இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய எல்ஜிஏ1200, 115எக்ஸ் வரிசைகளில் 75. கூலரைப் போர்டோடு பிடித்திருக்கும் பழைய தாங்கி நேராக மாட்டாது. 2024-இல் வந்த எல்ஜிஏ1851-க்கு 1700-இன் தாங்கியே போதும். ஏஎம்டியில், ரைசன் 5 5600 போன்றவை உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கு அப்படியே பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: ஏஎம்5 போர்டின் முதுகுத்தகடு (போர்டின் பின்பக்கம் திருகுகளைத் தாங்கும் தகடு) நிரந்தரமானது, கழற்ற முடியாது. தனக்கென்று சொந்த முதுகுத்தகடு கேட்கும் பழைய கூலர் அங்கே மாட்டாது.

ஏஎம்4-இல் நேர்மாறான தொல்லை. மேலே நான்கு திருகையும் கழற்றியதும் முதுகுத்தகடு பின்னால் "தொப்" என்று விழும். போர்டைப் படுக்கவைத்து வேலை செய்யுங்கள், அல்லது யாரையாவது பின்னால் விரலை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு?

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு தடையின்றிக் கடக்கப் பூசும் பசை அது. ஒரு பட்டாணி அளவு, நடுவில். அல்லது மெல்லிய பெருக்கல் குறி. தோசைக்கு மாவு பரப்புவதுபோல் பரப்ப வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானாகப் பரவும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள். வாரம் ஒருவர் வருகிறார்.

பழைய கூலரைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

ஏஎம்4 வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 ஊசிகள். சாக்கெட் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும், ஆனால் மேலே பூட்டு கிடையாது. பேஸ்ட் பல ஆண்டுகளில் காய்ந்து பசைபோல் ஆகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் அதோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

எனக்கு வந்தது. பிராசசர் கூலரின் அடியில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்கப் போய்க் கை நழுவி, ஓரத்தில் மூன்று ஊசிகள் சாய்ந்துவிட்டன. எதிர்வீட்டு அண்ணனின் கணினி அது, அவரும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நடக்காததுபோல் "அண்ணே, தேநீர் கிடைக்குமா?" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு, பிள்ளைகளின் அழுத்திப் பென்சிலிலிருந்து ஈயக்குச்சியை எடுத்துவிட்டு, அந்தக் காலிக் குழல்முனையை ஒவ்வோர் ஊசியிலும் நுழைத்து மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். தேநீர் வரும்போது பிராசசர் சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது. அவர் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

ஆகவே: கணினியைப் பத்து நிமிடம் கடும் வேலையில் ஓட்டிச் சூடேற்றுங்கள், அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள், திருகைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். இளகியது தெரிந்ததும் தூக்குங்கள். இன்டெலிலும் ஏஎம்5-இலும் இந்த ஆபத்து இல்லை. அங்கே பிராசசரை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பூட்டியிருக்கும்.

காற்றாடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

காற்று பெட்டியின் பின்புறம் போக வேண்டும். காற்றாடியில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கமே காற்று வெளிவரும் பக்கம். அது தகடுகளைப் பார்த்திருக்கட்டும்.

புதுக் கூலரும் விட்டுவிட்டு இரைகிறது. ஏன்?

பிராசசர் ஒரு நொடி சூடேறி மறு நொடி ஆறும். மதர்போர்டு அதற்கெல்லாம் காற்றாடியை முடுக்கிவிடும். பயாசில் காற்றாடி வளைவு என்று ஒரு கோட்டுப்படம் இருக்கும். 60 டிகிரி வரை மெதுவாக, 80-க்கு மேல் வேகமாக என்று வைத்து, மாற்றத்துக்குச் சில நொடி தாமதமும் கொடுங்கள். நம் அறைச் சூட்டில் கணினி சும்மா இருக்கும்போதே 45, 50 காட்டும். குளிர்நாட்டுக்காரர் கணக்கில் 40-லேயே ஏறத் தொடங்கும் வளைவு இங்கே நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். கம்பியில் நான்கு துளைகள் இருக்கிறதா, அது "சிபியு ஃபேன்" என்று எழுதிய இடத்தில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

குளிர்சாதன அறையில் கூலரில் நீர் கோத்துக்கொள்ளுமா?

கணினி ஓடும்போது கோக்காது. காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் கோக்கும். கூலர் எப்போதும் காற்றைவிடச் சூடாகவே இருக்கிறது. ஒரே ஒரு சூழ்நிலை: இரவெல்லாம் 18 டிகிரியில் குளிர்சாதனம் ஓடி, கணினி அணைந்து கிடந்து, காலையில் சன்னலைத் திறந்துவிட்டால் வெளியே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் படியலாம். மூக்குக்கண்ணாடியில் புகை படிவதுபோல். அரை மணி நேரம் கழித்துக் கணினியைப் போடுங்கள்.

தூசு, பல்லி, எறும்பு?

தூசைவிட மோசமானது நம் வீட்டுச் சாம்பிராணி. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த கணினி ஒன்றைத் திறந்தேன். தகடுகளின் முன்பக்கம் விளக்கு மாடத்தின் கூரைபோல் கறுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. வெறும் தூசு ஊதினால் போய்விடும். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்தால் தூசு அதில் ஒட்டிப் பஞ்சு மெத்தையாகிவிடும். காற்று நுழையவே வழியில்லை. அந்தக் கூலரைக் கழற்றி, காற்றாடியைத் தனியே எடுத்துவிட்டு, உலோகப் பகுதியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, முழுநாள் வெயிலில் காயவைத்தோம். புதிதுபோல் ஆனது. சாமி மேடையை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை; கணினியை மாற்றி வையுங்கள்.

ஊதித் துடைக்கும்போது காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாமல் அது பேய்வேகத்தில் சுழல்வது அச்சுக்கும் நல்லதல்ல, போர்டுக்கும் நல்லதல்ல.

பல்லிக்கு இரவில் கணினிப் பெட்டியைவிட இதமான இடம் கிடையாது. பின்பக்கம் பயன்படுத்தாத அட்டைத் துளைகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள். விலை ஓரிரு வெள்ளி. எறும்புக்கு ஒரே மருந்து, விசைப்பலகை பக்கத்தில் மைலோ குவளையை வைக்காமல் இருப்பது.

இதைவிட வாட்டர் கூலிங் நல்லதில்லையா?

அதுவும் கடைசியில் அறைக் காற்றில்தான் சூட்டை விடுகிறது. 33 டிகிரி அறை அதற்கும் 33தான். பம்ப் என்று பழுதாகக்கூடிய ஒரு பொருள் கூடுதல். மலிவு விலை வாட்டர் கூலரைவிட 150 வெள்ளி இரட்டைக் கோபுரத்தையே நான் எடுப்பேன்.

பிராசசர் மேல் "மலேசியா" என்று பொறித்திருக்கிறது. நம் நாட்டில் செய்ததால் நம் வெயிலைத் தாங்குமா?

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசில் வேலை செய்யும் கூட்டாளியிடம் இதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது 1972-இல். சில்லை வேறு நாட்டில் வார்த்து, பொருத்தும் வேலையையும் சோதிக்கும் வேலையையும் இங்கே செய்தால் அந்தப் பெயரைப் பொறிக்கிறார்கள். ஆனால் வரம்பு எல்லா ஊருக்கும் ஒன்றே. கெடாவில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் 100 டிகிரி 100தான்.

எங்கே வாங்குவது?

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா. ஒரு மாடி முழுக்கச் சுற்றி விலை கேட்டுவிட்டு, முதலில் கேட்ட கடைக்கே திரும்பிப்போகும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சீனப் புத்தாண்டு வாரத்தில் போகாதீர்கள், பாதிக் கடைகள் மூடியிருக்கும். பினாங்குக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் இணையக் கடைகளான ஷாப்பியிலோ லசாடாவிலோ வாங்கலாம், 11.11 போன்ற தள்ளுபடி நாள்களில் விலை நன்றாக இறங்கும். எங்கே வாங்கினாலும் உங்கள் சாக்கெட்டுக்கான தாங்கி பெட்டிக்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒருமுறை எல்லாம் வந்து தாங்கி மட்டும் வரவில்லை. அது வந்து சேர்ந்த இரண்டு வாரமும் கூலர் எங்கள் வீட்டு அலமாரியில் அலங்காரப் பொருளாக இருந்தது.

பேஸ்ட்டை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கூலரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும். கழற்றவில்லை என்றால், முன்பு 75 காட்டிய அதே விளையாட்டு அதே அறையில் 85 காட்டும்போது. அதுவும் முதலில் தூசைத் துடைத்துப் பார்த்த பிறகு.